நாற்பதுக்கு மூன்று

மதிப்பும் பாசமும் பயமும் சம அளவில் கலந்த அக்காவுக்கு, உன் ஒரே தம்பி எழுதுவது.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது உன் முழங்கால் வலி குறைந்திருக்க வேண்டும், அத்தானின் சர்க்கரை அடங்கியிருக்க வேண்டும், மாடி வீட்டுக்காரர்களோடு நடக்கிற சண்டையில் உன் பக்கம் ஜெயித்திருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். ஊரில் குழாய்கள்தான் சுகமில்லை, அதனால் என் பிழைப்பும் சுகம். போனில் நாலு வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ என்னைப் பேச விட்டதாகச் சரித்திரம் இல்லை, அக்கா. கடிதத்தில் நீ குறுக்கே பேசினாலும் எனக்குக் கேட்காது. தயவுசெய்து கடைசி வரை படி.

மூன்று வாரம் முன்பு உன் தம்பி பெண்டாட்டி வாய் தவறி உன்னிடம் பாப்பாவின் மார்க்கைச் சொல்லிவிட்டாள். "நாப்பதுக்கு மூணா? நாப்பதுக்கு மூணா?" என்று நீ அடுக்கடுக்காகக் கேட்டது போனை மேஜையில் வைத்த பிறகும் எங்களுக்குக் கேட்டது. "வர்ற ஒண்ணாந்தேதி அவள இங்க அனுப்பு, பயிற்சி நிலையத்துல இடம் சொல்லிட்டேன், அவளுக்குன்னு கட்டில் கூட வாங்கியாச்சு, அரசுத் தேர்வு முடியற வரைக்கும் அவ என் கண்ணு முன்னாடிதான் இருக்கணும்" என்றாய். அதன் பிறகு நீ கூப்பிட்டபோதெல்லாம் நான் ஏணி மேல் இருப்பதாகச் சொன்னார்கள் அல்லவா? அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான். இப்போது ஏணியிலிருந்து இறங்கிவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், கேள். அந்த மூன்று மார்க் பாப்பாவுடையது இல்லை. என்னுடையது.

கோபப்படாதே. முதலிலிருந்து சொல்கிறேன். பள்ளியிலிருந்து ஒரு பழுப்பு உறை வந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'உங்கள் பதில் நம் மாணவர்களின் எதிர்காலத்தை உருவாக்கும்' என்று அச்சடித்திருந்தது. உள்ளே இரண்டு புத்தகங்கள். இரண்டும் ஒரே சாம்பல் நிறம், ஒரே தடிமன், இரண்டிலும் வரிசை வரிசையாக நிரப்ப வேண்டிய வட்டங்கள். ஒன்று, பிள்ளைகளை வேலைக்கும் அரசுத் தேர்வுக்கும் எப்படித் தயார் செய்யலாம் என்று ஊராரிடம் கருத்துக் கேட்கிற படிவம். பெற்றோர் எழுத வேண்டியது. இன்னொன்று, அரசுத் தேர்வுக்கான மாதிரித் தாள். பிள்ளை வீட்டில் உட்கார்ந்து எழுத வேண்டியது. எதை யார் எழுத வேண்டும் என்று முதல் பக்கத்தின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் போட்டிருந்தார்களாம். எறும்பு அளவு எழுத்தைப் படிக்கிற கண்ணாடி என்னிடம் இருந்தது. அது இப்போது மருந்துக்கடைக்காரர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கிறது. சாப்பாட்டு மேஜையில் மேலாக இருந்த புத்தகத்தை எடுத்தேன், காதில் செருகியிருந்த தட்டைப் பென்சிலை எடுத்தேன், முதல் கேள்வியைப் படித்தேன், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

என்ன கேட்டிருந்தார்கள் தெரியுமா? ஒரு தொட்டி இருக்கிறது, முதல் குழாய் அதை ஆறு மணி நேரத்தில் நிரப்பும், இரண்டாவது குழாய் எட்டு மணி நேரத்தில் நிரப்பும், அடியில் இருக்கும் குழாய் பன்னிரண்டு மணி நேரத்தில் காலி செய்யும், மூன்றையும் ஒன்றாகத் திறந்தால் தொட்டி எப்போது நிரம்பும் என்று. அக்கா, எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு பள்ளிக்கூடம் என்னைத் தேடி வந்து, என் தொழிலில், எனக்குத் தெரிந்த விஷயத்தில், கருத்துக் கேட்கிறது! கொடுத்திருந்த நான்கு விடைகளையும் பார்த்தேன். நான்கும் மணிக்கணக்கு. ஒன்றுகூட வேலைக்கு ஆகாது. ஐந்தாவதாக ஒரு வட்டம் நானே போட்டு அதை நிரப்பி, 'வழிமுறையை எழுதுக' என்று விட்டிருந்த இடத்தில் இப்படி எழுதினேன்: 'முதலில் அடிக்குழாயை மூடவும். நிரப்பும்போது அதைத் திறந்து வைத்தது யார்? ஆறு மணி நேரம் ஆகிறதென்றால் குழாய் அரை இன்ச், உள்ளே துரு. ஒரு இன்ச் போடுங்கள், சீக்கிரம் நிரம்பும். வீட்டுக்காரரின் விலாசம் கொடுத்தால் நேரில் வந்து பார்க்கிறேன்.'

அதற்கப்புறம் என்னைப் பிடிக்க ஆள் இல்லை. ஐந்து பேர் பன்னிரண்டு நாளில் ஒரு பள்ளம் தோண்டினால் பத்துப் பேர் எத்தனை நாளில் தோண்டுவார்கள்? 'பத்துப் பேர் ஒரே பள்ளத்தில் இறங்கினால் நாலு பேர் தோண்டுவார்கள், ஆறு பேர் யோசனை சொல்வார்கள். பதினாலு நாள். மேஸ்திரியின் மச்சான் வந்தால் இருபது.' பத்து மீட்டர் ஏணியைச் சுவரிலிருந்து ஆறு மீட்டர் தள்ளிச் சாத்தினால் அது எவ்வளவு உயரத்தை எட்டும்? 'எந்த உயரத்தையும் எட்டாது, ஆள்தான் தரையை எட்டுவான். ஆறு மீட்டர் தள்ளி வைக்காதீர்கள். இரண்டரை மீட்டர் போதும். கீழே ஒருவர் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏற மாட்டேன்.' ஒரு ஊழியர் மூன்று நாள் தாமதமாக வந்ததைப் பற்றி ஒரு பத்தி கொடுத்து, இதிலிருந்து நீ அறிவது என்ன என்று கேட்டிருந்தார்கள். 'பஸ் வந்ததா என்று முதலில் விசாரிக்கவும்' என்று எழுதினேன். இப்படி நாற்பது கேள்வி. பொங்கிப் பொங்கி எழுதிக்கொண்டிருந்தேன். நடுவில் பாப்பா இரண்டு தடவை எனக்குப் பின்னால் வந்து நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள். படிக்கிற பிள்ளைக்குத் தாகம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

பாவம், அவள் பங்குக்கு மேஜையில் மிச்சம் கிடந்தது கருத்துப் படிவம்தான். அவசரத்தில் அதையே தன் தேர்வுத் தாள் என்று நினைத்து எழுதிவிட்டாள். 'உங்கள் பிள்ளை' என்று கேள்விக்குக் கேள்வி போட்டிருந்ததைக்கூடக் கவனிக்கவில்லை, குழந்தை. எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. மறுநாள் இரண்டையும் ஒரே உறையில் போட்டுப் பள்ளியில் கொடுத்துவிட்டு வந்தாள்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. தங்கள் மகள் மாதிரித் தேர்வில் நாற்பதுக்கு மூன்று, ஆகவே முதல் பிரிவுக் கணக்கு வகுப்பிலிருந்து தனிக் கவனிப்பு வகுப்புக்கு மாற்றப்பட இருக்கிறாள், பெற்றோர் இருவரும் அவசியம் வர வேண்டும், அதே நாளில் நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டத்திலும் கலந்துகொள்ள வேண்டும் என்று. நான் வீடே அதிரக் கத்தினேன், அக்கா. உன்னை மிஞ்சிவிட்டேன். பாப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறாள் என்று தெரிந்ததும் கத்துவதை நிறுத்திவிட்டேன். இந்தக் குழந்தைக்குக் கணக்கு என்றால் உயிர். அந்த வகுப்பை விட்டு இறக்கினால் அரசுத் தேர்வில் கணக்குப் பாடத்தையே எடுக்க விட மாட்டார்களாம். அப்படியே நின்று போய்விடும். நான் நின்ற மாதிரி.

'இருவரும்' என்று எழுதியிருந்ததுதான் எனக்குச் சிக்கல். உனக்குத் தெரியும், பாப்பா பள்ளிக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து கூட்டம், கையெழுத்து எல்லாவற்றுக்கும் அவள் அம்மாதான் போவாள். சரியாக அந்த நேரத்தில் எனக்கு எங்கேயாவது ஒரு குழாய் உடைந்துவிடும். வருஷத்துக்கு நாலு தடவை, பள்ளிக்கூடத்துக் கூட்டத்தன்றைக்கு மட்டும் உடைகிற குழாய். வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன், உன்னிடம் சொல்கிறேன்: பள்ளிக்கூடத்து வாசலைப் பார்த்தாலே எனக்கு இன்னும் எட்டாவது வகுப்புப் பையன் மாதிரி நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்தத் தடவை சாக்குச் சொல்ல வாயைத் திறந்தபோது உன் தம்பி பெண்டாட்டி, "அந்தக் குழாய் இன்னைக்கு உடையட்டும், நானே போய்ப் பாத்துக்கறேன். நீங்க சட்டைய மாட்டுங்க" என்றாள்.

கூட்டத்தில் அறுபது பேர் இருந்தார்கள். சின்னப் பிள்ளைகளின் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள், எல்லாருக்கும் முழங்கால் மோவாய்க்கு வந்துவிட்டது. தலைமையாசிரியை வரவேற்றார். கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். ஊரார் கருத்துகளில் ஒன்றிரண்டை வாசிக்கிறேன் என்று தலைமையாசிரியை ஒரு படிவத்தை எடுத்து, "இது ஒரு பிளம்பர் எழுதினது" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'உங்கள் பிள்ளை எந்த வேலைக்குப் போக வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?' அதற்குப் பதில்: 'அவளைக் கேட்டுச் சொல்கிறேன்.' 'பிள்ளை தேர்வுக்குத் தயாராக வீட்டில் என்ன உதவி செய்கிறீர்கள்?' பதில்: 'அவள் படிக்கும்போது டிவி சத்தத்தைக் குறைப்பதாகச் சொல்லியிருக்கிறேன். இன்னும் குறைக்கவில்லை.' 'பள்ளிக்கு நீங்கள் எந்த வகையில் உதவ முடியும்?' பதில்: 'கூப்பிட்டால் வருவேன். ஆனால் இரண்டு தடவை கூப்பிட வேண்டும்.' கூடம் கைதட்டியது. நானும் தட்டினேன். இப்படி ஒரு நல்ல மனுஷன், என் தொழிலிலேயே, இந்த ஊரில் யார் என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். உன் தம்பி பெண்டாட்டி என் தொடையைக் கிள்ளினாள்.

அடுத்து அதிகாரி எழுந்தார். பெயரை மறைத்து ஒரு மாணவரின் விடைத்தாளைத் திரையில் காட்டினார். "இதப் பாருங்க. நாப்பதுக்கு மூணு. விடை தெரியலன்னா விட்டுடலாம். இந்தப் பிள்ளை புதுசா ஒரு வட்டம் போட்டிருக்கு. மிஷின் ரெண்டு தடவை பேப்பர வெளிய தள்ளிடுச்சு" என்றார். திரை நிறைய என் தட்டைப் பென்சில் எழுத்து! என் அடிக்குழாய், என் துரு, என் மேஸ்திரியின் மச்சான்! எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது கேட்கவில்லை, கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கலவரத்திலும் ஒன்றைக் கவனித்தேன், பெருமைக்காகச் சொல்லவில்லை: ஒன்பதாவது, பதினேழாவது, முப்பத்தொன்றாவது கேள்விகளுக்கு மட்டும் சரி என்று போட்டிருந்தது. அந்த மூன்று வட்டங்களும் கோட்டை விட்டு இம்மி வெளியே போகாமல் அழகாக நிரம்பியிருந்தன. பதினேழாவது, ஒரு முக்கோணத்தின் மூன்றாவது கோணம். எப்போது அதைப் போட்டேன் என்று எனக்கே நினைவில்லை. முப்பது வருஷமாக வளைவுக் குழாய் மாட்டுகிற கை, அக்கா. கோணம் அதற்குத் தானே தெரியும்.

அப்போது பஸ் டிரைவர் ஒருவர் பின்னாலிருந்து எழுந்து, "சார், தப்பா நினைக்காதீங்க, அந்த ஏணி விஷயம் கரெக்ட்டுதானே? ஆறு மீட்டர் தள்ளி வெச்சா வழுக்காதா?" என்று கேட்டார். ஒரு நர்ஸம்மா, "வழுக்கி விழுந்தவங்கள நான்தான் வார்டுல பாக்கறேன்" என்றார். அதிகாரி கையை ஆட்டி, "அது வேற விஷயம். இந்த மாதிரிப் பிள்ளைகள முதல் பிரிவுல வெச்சுக்கிட்டா மத்தவங்களுக்கும் கஷ்டம். இன்னைக்கே மாத்திடுங்க" என்றார். தலைமையாசிரியை பேனாவைத் திறந்தார்.

நான் எழுந்துவிட்டேன். அந்தச் சின்ன நாற்காலியும் என்னோடு சேர்ந்து எழுந்துவிட்டது. இடுப்பில் நாற்காலியோடு அறுபது பேர் முன்னால் நின்றேன், அக்கா. "அது எம் பொண்ணு பேப்பர் இல்லீங்க. நான் எழுதினது. கருத்துதான் கேக்கறீங்கன்னு நினைச்சு எழுதிட்டேன். நான் எட்டாவதுதான் படிச்சிருக்கேன். அவள இறக்காதீங்க. வேணும்னா என்னைக் கொண்டுபோய் அந்தத் தனிக் கவனிப்பு வகுப்புல உக்கார வைங்க" என்றேன். குரல் உடைந்துவிட்டது. உடையட்டும் என்று விட்டுவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் யாரோ ஒருவர் மெதுவாக வந்து என் இடுப்பிலிருந்து நாற்காலியைக் கழற்றினார். பார்த்தால் பாப்பாவின் கணக்கு வாத்தியார்.

அவர் நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு, "அந்த ரெண்டரை மீட்டர் எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். "ஏணி நாலு பங்குன்னா அடி ஒரு பங்கு தள்ளி இருக்கணும், சார். எங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரியும்" என்றேன். அவர் கரும்பலகையில் ஒரு கோடு போட்டு, நாலுக்கு ஒன்று என்று எழுதி, அதிகாரி பக்கம் திரும்பினார். "இத்தனை வருஷமா இந்தக் கணக்க நான் நடத்தறேன். ஏணி விழுமான்னு ஒரு நாள்கூட யோசிச்சதில்ல. கருத்துக் கேக்கறதுக்காகத்தானே கூட்டம் போட்டோம்? இவர்கிட்டக் கேப்போமே" என்றார். அதிகாரி நல்ல மனுஷர்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் திரையைப் படித்தார். இந்தத் தடவை உதட்டை அசைத்து அசைத்து நிதானமாகப் படித்தார்.

மறுநாள் ஆசிரியர் அறையில் வாத்தியாரின் எதிரில் பாப்பா வேறு ஒரு மாதிரித் தாள் எழுதினாள். நாற்பதுக்கு முப்பத்தேழு. முதல் பிரிவிலேயே இருக்கிறாள். அதோடு நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி மணி நேரத்தில் ஊரில் வேலை செய்கிற ஒருவர் வந்து தன் வேலையிலிருந்து ஒரு கணக்குக் கொடுப்பது, பிள்ளைகள் போடுவது என்று முடிவாகிவிட்டது. முதல் வெள்ளிக்கிழமை யார் என்று நினைக்கிறாய்? உன் தம்பி! இரண்டு தடவை கூப்பிட்டார்கள், போனேன்.

அதற்கு முந்தின நாள் சமையலறை மேஜையில் பாப்பா என்னை உட்கார வைத்து அந்தத் தொட்டிக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு மணி நேரத்தில் ஆறில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு, அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விட வேண்டும், ஆக நாலு மணி நாற்பத்தெட்டு நிமிஷம். அடிக்குழாயைத் திறந்து வைத்தாலும் தொட்டி நிரம்புமாம்! ஆயிரம் தொட்டி நிரப்பியிருக்கிறேன், அக்கா. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்த்திருக்கிறேன். காகிதத்தில் முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கண் கலங்கிவிட்டது. "நீ என்னவா ஆகணும் பாப்பா?" என்று அப்போதுதான் முதல் முறையாகக் கேட்டேன். "இன்னும் முடிவு பண்ணலப்பா. தண்ணி சம்பந்தமா ஏதாவது. நீ வீட்டுக்கு வீடு குடுக்கற. நான் ஊருக்கே குடுக்கலாம்னு பாக்கறேன்" என்றாள்.

வகுப்பில் நான் பேசவே இல்லை, நாக்கு ஒட்டிக்கொண்டது. பேசாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக் கழிப்பறைக்குப் போனேன். அங்கே இரண்டு வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்த ஒரு குழாய் இருந்தது. அதன் கீழே கால் லிட்டர் குவளையை வைத்தேன். ஐந்து நிமிஷத்தில் நிரம்பியது. "ஒரு நாளைக்கு எவ்ளோ?" என்றேன். அத்தனை தலையும் குனிந்தது. எழுபத்திரண்டு லிட்டர்! இரண்டு வருஷத்துக்கு ஐம்பத்திரண்டாயிரத்து ஐந்நூற்று அறுபது லிட்டர் என்று தனிக் கவனிப்பு வகுப்புப் பையன் ஒருவன்தான் முதலில் கத்தினான். தலைமையாசிரியை தலையில் கைவைத்தார். நான் பையிலிருந்து ஒரு வாஷரை எடுத்து மாற்றினேன், பத்து நிமிஷ வேலை. அது நின்றதும் பிள்ளைகள் தட்டினார்கள் பார், கூட்டத்தில் தட்டியதெல்லாம் அதற்குப் பக்கத்தில் வர முடியாது.

ஆகவே அக்கா, பயிற்சி நிலையத்தில் சொல்லி வைத்த இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிடு. பாப்பா இங்கேயே, எங்களோடு இருந்தே படிக்கட்டும். நல்லபடியாக எழுதுவாள் என்று எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அவள் புத்தி எங்கிருந்து வந்தது என்று நீ கேட்டால், நாற்பதில் மூன்று கேள்விக்குப் படிக்காமலே சரியாக எழுதிய ஒருவன் இந்த வீட்டில் இருக்கிறான் என்பதை மட்டும் நினைவில் வை. அத்தானுக்கு என் வணக்கம். மாடி வீட்டுக்காரர்களை மன்னித்துவிடு, அவர்கள் வீட்டுத் தண்ணீர் உன் சுவரில் இறங்குவதை நானே வந்து சரி செய்கிறேன். நீ நூறு வயது இதே குரலோடு இருக்க வேண்டும்.

உன் தம்பி

பி.கு.: எழுத்துப்பிழை இருந்தால் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவாய் என்பதால், கடிதத்தைப் பாப்பாவிடம் சரிபார்க்கக் கொடுத்தேன். பதினேழாவது கேள்வி வந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. இந்தத் தடவை கிட்டே போய்ப் பார்த்தேன். சிரிக்கிறாள்! அன்றைக்கும் சிரிப்புதானாம். "அப்பா, அந்த மூணும் நான் போட்டது. உன் வட்டத்த ரப்பரால அழிச்சிட்டுப் போட்டேன்" என்றாள். நான் இரண்டாவது கேள்வி எழுதும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். "நிறுத்த மனசு வரலப்பா. நீ சிரிச்சுக்கிட்டே எழுதின" என்றாள். அப்புறம் எதற்கு மூன்று என்றேன். அதுவும் அந்த எறும்பு எழுத்தில்தான் இருந்ததாம்: பூஜ்யம் வாங்கினால் தேர்வுக்கு வராதவர் என்று மிஷின் ஒதுக்கிவிடுமாம், யாரையும் கூப்பிட மாட்டார்களாம். ஒன்றிலிருந்து ஐந்துக்குள் இருந்தால்தான் பெற்றோர் இருவரும் வர வேண்டுமாம். "நீ ஒரு தடவையாவது என் ஸ்கூலுக்கு வரணும்னு இருந்துச்சு" என்றாள். ஏண்டி, உன்னை வகுப்பை விட்டு இறக்கியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். "இறக்க விட மாட்ட. நீ எழுந்து சொல்லுவன்னு தெரியும்" என்றாள். அக்கா, எனக்கே தெரியாது.

ஆகவே, மேலே என் மார்க்கை மூன்று என்று எழுதிய இடத்தையெல்லாம் அடித்துவிட்டுப் பூஜ்யம் என்று போட்டுக்கொள். திரும்ப எழுத நேரமில்லை, வெள்ளிக்கிழமை நர்ஸம்மா கணக்குக் கொடுக்கிறார், நானும் உட்கார்ந்து போடப் போகிறேன். அந்தக் கட்டிலை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடாதே. தேர்வு முடிந்ததும் மூன்று பேரும் வருகிறோம். அதில் அவள் படுத்துக்கொள்ளட்டும், பூஜ்யம் வாங்கிய நான் தரையில் படுத்துக்கொள்கிறேன்.